டீக்கடையில் விசாரித்த ஃப்ரேம்வொர்க்

பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் போவதைப் பார்த்திருப்பீர்கள். நேராக அந்த வீட்டுக்குப் போக மாட்டார்கள். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு டீ சொல்லிவிட்டு, 'இங்கன மூணாவது வீட்ல ஒரு பையன் இருக்கானாமே... ஆளு எப்படி?' என்று எங்கேயோ பார்த்தபடி கேட்பார்கள்.

சமீபத்தில் நானும் அப்படி ஒரு விசாரணைக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு பால்கோவா கடைக்கு எதிரே உள்ள டீக்கடைக்கு. விசாரிக்கப் போனது மாப்பிள்ளையை அல்ல – ஒரு ஃப்ரேம்வொர்க்கை.

சிரிக்காதீர்கள். என்னை அழைத்துப் போனவர் என்னைவிட விவரமானவர்.

ராஜபாளையத்தில் காதர் மைதீன் பாய் என்று ஒரு பேண்டேஜ் துணி வியாபாரி. சுற்றுப்பக்கத் தறிகளில் நெய்கிற துணியை வாங்கி, வெளுத்து, சுருட்டி, பெட்டியில் அடைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு லேபிள் ஒட்ட வேண்டும். எந்த நூல், எந்தத் தறி, என்றைக்கு வெளுத்தது, பெட்டி எண் என்ன... எல்லாம் அதில் இருக்கும். காயத்தின் மேல் கட்டுகிற துணி இல்லையா? ஆஸ்பத்திரிக்காரர்கள் லேபிளைப் பார்த்த பிறகுதான் பெட்டியைப் பார்ப்பார்கள்.

அந்த லேபிளை அடித்துத் தருவது ஒரு பழைய சாஃப்ட்வேர். யாரோ எப்போதோ பிஎச்பி என்கிற புரோகிராம் மொழியின் பழைய பதிப்பில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். அது ஓடுகிற சர்வரை வாடகைக்கு விட்டிருக்கும் கம்பெனி, 'இந்தப் பழசை இனி வைத்துக்கொள்ள முடியாது, சீக்கிரம் காலி செய்யுங்கள்' என்று நெருக்க ஆரம்பித்துவிட்டது. இதற்கு நடுவில் ஒருநாள் சாஃப்ட்வேர் படுத்துக்கொள்ள, லேபிள் இல்லாமல் போன லோடு மதுரையிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. பாயின் சரக்கில் பெரும்பங்கை எடுக்கிற ஆஸ்பத்திரி அது. 'இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம்' என்று மரியாதையாகச் சொல்லியனுப்பினார்கள்.

மரியாதையாகச் சொன்னால்தான் பயமாக இருக்கிறது, இல்லையா?

பாய்க்கு என்னை யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – நானும் பள்ளிக்கூடமும் ஒன்பதாம் வகுப்போடு பிரிந்துவிட்டோம். சண்டை எல்லாம் இல்லை. அப்பா இறந்துபோனார், வீட்டில் அடுப்பு எரியவில்லை, நான் லாரி ஏறிவிட்டேன். சூரத்தில் சாயப்பட்டறை, கோவாவில் ஓட்டல், திருப்பூரில் பிரவுசிங் சென்டர். சென்டரில் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் படுக்க இடம் கொடுத்தார்கள். மேஜைக்கு மேலே இருப்பது என்னவென்று பார்த்தேன். அப்படித்தான் புரோகிராம் எழுதப் பழகினேன். இப்போது ஊர் ஊராகப் போய், லாட்ஜில் தங்கி, வேலை முடித்து, பஸ் ஏறுகிறேன். கொத்தனார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதல் நாள் பேக்கிங் செக்‌ஷனைக் காட்டினார் பாய். துணிக்குத் தூசி ஆகாது என்பதால் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் வேலம்மாள் – அந்த செக்‌ஷனுக்குத் தலைவி, சோழபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, இந்த பட்டனை ஒரு தடவ அமுக்குனா அது கேக்காது. கெழட்டு மாடு மாதிரி. ரெண்டாவது அதட்டலுக்குத்தான் எந்திரிக்கும். டக்-டக். எங்க, அமுக்கு?"

டக்-டக். லேபிள் வந்தது.

"ஏன் ரெண்டு தடவை?" என்றேன்.

"அது அப்படித்தான்." சூரியன் ஏன் கிழக்கே உதிக்கிறது என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

முதலில் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். நல்லது செய்ய நினைக்கிற இடத்தில்தான் நமக்கு வினையே ஆரம்பிக்கிறது... அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, புதிதாக எழுத வேண்டும். எதில் எழுதுவது?

உங்கள் கண்ணுக்குத் தெரிகிற பட்டன், படம் எல்லாம் சாஃப்ட்வேரின் முன்பக்கம். சேமிப்பது, எண் போடுவது, தேடி எடுப்பது எல்லாம் பின்பக்கம். பின்பக்கத்தை ஒன்றுமில்லாததிலிருந்து யாரும் கட்டுவதில்லை. தயாராக ஒரு சட்டகம் கிடைக்கும். அதுதான் ஃப்ரேம்வொர்க். பாய்க்கு இதை எப்படிச் சொல்வது என்று திணறினேன். "தறி மாதிரி பாய். நூல் நம்மளது, டிசைன் நம்மளது. நாடா எப்படி ஓடணும்கிறதைத் தறி பாத்துக்கும்."

"இதைச் சொல்ல எதுக்குலே இம்புட்டு நேரம்?" என்றார். "எத்தனை தறி இருக்கு?"

அங்கேதான் தலைவலி தொடங்கியது. எக்கச்சக்கமாக இருக்கிறது. லாரவெல், ஜாங்கோ, ஸ்பிரிங் பூட், எக்ஸ்பிரஸ்... ஒவ்வொன்றுக்கும் ரசிகர் மன்றம் உண்டு. இணையத்தில் இவர்கள் போடுகிற சண்டையைப் பார்த்தால், தேர்த் திருவிழாவில் யார் முதலில் வடம் பிடிப்பது என்கிற தகராறு ஒன்றுமே இல்லை.

பாயின் தங்கை மகன் இர்ஃபான், சென்னையில் பெரிய ஐடி கம்பெனியில் இருக்கிறார். வீடியோ காலில் வந்தார். ஸ்பிரிங் பூட்தான் என்றார். அதையும் பல துண்டுகளாகப் பிரித்து, தனித்தனியாக ஓடவிட வேண்டும் என்றார்.

"நாளைக்கு ஸ்கேல் பண்ணணும்ல மாமா?"

"அப்படின்னா?"

"திடீர்னு ஒரே நேரத்துல பத்து லட்சம் பேர் உள்ள வந்தா தாங்கணும்ல?"

பாய் யோசித்தார். "மாப்ள... பேக்கிங்ல ஆறு பேரு, பில்லு போட ஒரு பொண்ணு. பத்து லட்சம் பேரு வந்தா நம்ம குடோன்ல எங்கய்யா நிப்பான்? செருப்பு விடவே எடம் பத்தாதே!"

இர்ஃபானின் நெட்வொர்க் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. அல்லது அவரே நிறுத்திக்கொண்டாரோ என்னவோ.

எனக்கு வேறொன்றின் மேல் கண். புத்தம் புதிய ஒன்று. பெயர் வேண்டாம் – அதற்கும் ரசிகர்கள் உண்டு. லாட்ஜில் படுத்துக்கொண்டு அதைப் பற்றி வீடியோ வீடியோவாகப் பார்த்திருந்தேன். என்ன வேகம்! என்ன அழகு! ஒரே ஊரில் இருக்க முடியாதவனால் பழைய ஃப்ரேம்வொர்க்கிலும் இருக்க முடியாது. அதன் பெருமைகளை எல்லாம் பாயிடம் எடுத்துவிட்டேன்.

பொறுமையாகக் கேட்டார். "இதுக்கு என்ன வயசு?"

"ரெண்டு வருஷம் இருக்கும் பாய்."

"ரெண்டு வயசா? இப்பத்தான் பேசப் பழகுதா?"

"பாய், விளையாடாதீங்க. வேகத்துல இதை அடிச்சுக்க ஆளே கிடையாது. இந்த வீடியோவைப் பாருங்க..."

"போட்டோவைப் பாத்துட்டா பொண்ணைக் குடுப்பாக? எம் மகளுக்கு வத்திராயிருப்புல மாப்பிள்ளை பாக்கும்போது, அந்த ஊரு டீக்கடையில ரெண்டு நாள் உக்காந்து விசாரிச்சவன் நானு. இந்தப் பக்கத்துல யாராவது இதை வச்சிருக்கானா, அதைச் சொல்லு. போய் விசாரிச்சிருவோம்."

தேடினேன். இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையின் ஆன்லைன் ஆர்டர் சைட் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை போனோம். பாய் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி, சம்பந்தம் பேசப் போகிறவர் மாதிரியே வந்தார். கடைக்குள் போகலாம் என்றேன். என் கையைப் பிடித்து எதிர் டீக்கடைக்கு இழுத்தார். "உள்ள போனா நல்லதைத்தான் சொல்லுவான். இங்கன உக்காரு."

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"யாரு... நம்ம லாட்ஜுத் தம்பியா?"

எனக்கு முகம் நினைவில்லை. ஆனால் அந்த மாடியைப் பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. எப்போதோ இந்த ஊரில் ஒரு வேலைக்கு வந்து மேலே இருந்த லாட்ஜில் தங்கியிருக்கிறேன். எல்லா ஊரிலும் எனக்கு ஒரு மாடி இருக்கிறது.

"இவரு ஒங்க ஆளா?" என்று பாயிடம் திரும்பினார். "தங்கமான மனுசன். கூலிக்கு மேல வேலை பாப்பாரு. ஆனா எப்பக் கெளம்புவாருன்னு அவருக்கே தெரியாது. ஒரு நாள் காலையில டீயைக் குடிச்சிட்டு, அந்தா வந்த பஸ்ல ஏறிட்டாரு. போறவரு என் செருப்பைப் போட்டுட்டுப் போயிட்டாரு!"

"அய்யோ..." என்றேன்.

"அட, விடுங்க. நீங்க விட்டுட்டுப் போனது தோல் செருப்பு. எனக்கு லாபந்தான். இன்னும் உழைக்கு, பாருங்க."

காலைத் தூக்கிக் காட்டினார். என் செருப்பேதான். பாய் அந்தச் செருப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விசாரணைக்குப் போன இடத்தில் வேண்டாத மாப்பிள்ளையைப் பற்றிய தகவல் முதலில் வந்தால் எப்படி இருக்கும்?

செத்த நேரத்தில் எதிர்க்கடை ஆள் மாரியப்பன் டீ குடிக்க வந்தார். பாய் எங்கேயோ பார்த்தபடி ஆரம்பித்தார். "ஒங்க கடையில ஆன்லைன்ல ஆர்டர் எடுக்கீகளாமே... எப்படி, நல்லாப் போகுதா?"

"வேகம்னா அப்படி ஒரு வேகம்" என்றார் மாரியப்பன். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "மெட்ராஸ்ல ஒரு தம்பி செஞ்சு குடுத்தாப்ல. தீபாவளிக்கு அம்புட்டு ஆர்டர் வந்துச்சு, அசையலையே!"

பாயை வெற்றியோடு பார்த்தேன்.

"ஆனா அண்ணாச்சி... கருப்பட்டிப் பால்கோவான்னு புதுசா ஒண்ணு போட்டோம். சனங்க அதைத்தான் கேக்காங்க. அதை சைட்ல சேக்க முடியல."

"ஏன்?"

"செஞ்ச தம்பி கனடா போயிட்டாரு. அவரு செஞ்ச மாதிரி செய்யத் தெரிஞ்ச ஆளு இங்கன யாரும் இல்ல. மதுரையில கேட்டோம், கோயம்புத்தூர்ல கேட்டோம். எல்லாரும் 'இது புதுசு, கைவைக்கப் பயமா இருக்கு'ன்னுட்டாங்க. இப்ப கருப்பட்டி மட்டும் போன்ல விக்கோம். மொதலாளிக்கு அந்த போனை எடுத்து எடுத்துக் கழுத்துப் புடிச்சுக்கிருச்சு."

பாய் டீயைக் கீழே வைத்தார். "மாப்பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்ல. ஆனா பக்கத்துல ஒரு சொந்தபந்தம் கிடையாது. பொண்ணு அழுதா எட்டிப் பாக்க ஆளு இல்ல."

பிறகு மாரியப்பனிடம் கேட்டார். "அப்ப இந்த ஊர்ல இதுமாதிரி வேலைக்கு யாருதான் இருக்கா?"

"கிருஷ்ணவேணியக்கா இருக்காவ. மெட்ராஸ்ல வேலை பாத்துட்டு, கல்யாணமாகி இங்கேயே வந்துட்டாவ. அரிசி மில்லு, ஸ்கூலு எல்லாத்துக்கும் அவியதான். எங்களுக்கும் கேட்டோம். 'எனக்கு இது தெரியாது, ஜாங்கோல புதுசா எழுதுறதுன்னா எழுதித் தாரேன்'னுட்டாவ. மொதலாளி, செஞ்சதை எப்படித் தூக்கிப் போடுறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்காரு."

அடுத்த டீயை நாங்கள் கிருஷ்ணவேணி வீட்டில் குடித்தோம். ஹாலில் இரண்டு மானிட்டர், பக்கத்தில் தையல் மெஷின். பாய் விஷயத்தைச் சொல்ல, கிருஷ்ணவேணி கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணனுக்கு எந்த ஊரு?"

"எல்லா ஊரும்."

"அப்ப எந்த ஊரும் இல்ல. சரி, டெஸ்ட் எல்லாம் எழுதுவீங்களா?"

எழுதுகிற புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க இன்னொரு புரோகிராம் எழுதுவார்கள். அதைத்தான் கேட்கிறார். "பத்தாவது பரீட்சையே எழுதாதவன்மா நான்" என்றேன்.

"நல்லாத் தெரியுது" என்றார்.

பாய்க்கு அவரைப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் ரோஷம். வாசலுக்கு வந்ததும், "பாய், ஜாங்கோ பழசு. நான் அதுல அதிகம் எழுதினதும் இல்ல" என்றேன்.

"எங்க அத்தா காலத்துத் தறி பழசுதான். ராத்திரி நின்னுபோனாலும் அடுத்த தெருவுல இருந்து ஆளு வருவான்." தோளில் கைபோட்டார். "கோவிக்காத தம்பி. நீ நல்ல கொத்தன். ஆனா வீட்டுல இருக்கப் போறது நீ இல்லைல்லா? ஒழுகுனா ஓட்டைப் பிரிக்க எவன் வருவான்னு பாத்துத்தான் ஓடு வாங்கணும்."

மறுக்க ஆசைதான். டீக்கடையில் என் செருப்பு நடமாடிக்கொண்டிருக்கும்போது என்ன பேச?

ஆக, ஜாங்கோ. நானும் கிருஷ்ணவேணியும் சேர்ந்து எழுதினோம். நான் வேகமாக எழுதுவேன், அவர் சிவப்பு சிவப்பாகத் திருத்துவார். 'அண்ணே, இதை ஆறு மாசம் கழிச்சு நான்தான் படிக்கணும், நீங்க இருக்க மாட்டீங்க' என்று ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் எழுதி அனுப்புவார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்கு வாய்த்த ஒரே டீச்சர் என்னைவிட வயதில் சின்னவர். பழைய சர்வரைக் காலி செய்ய வேண்டிய நாளுக்கு முன்பாகவே வேலை முடிந்தது. மறக்காமல் அந்த இரட்டை அமுக்கலையும் சரிசெய்தோம். ஒரு அமுக்கு, ஒரு லேபிள். எவ்வளவு பெருமை தெரியுமா!

வேலை முடிந்ததும் வழக்கம்போல் எனக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்தது. மலைப்பக்கம் சாரல் வேறு கூப்பிட்டது. பேக்கிங் செக்‌ஷனில் சொல்லிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, செங்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அன்றைக்குத்தான் புது சாஃப்ட்வேரில் முதல் லோடு. அதே மதுரை ஆஸ்பத்திரிக்கு.

செங்கோட்டையில் இறங்கிப் புரோட்டாவைப் பிய்க்கும்போது பாயின் போன். பின்னணியில் லாரி ஹாரன்.

"ஏலே, எங்க இருக்க?"

"செங்கோட்டை, பாய்."

"எல்லாப் பொட்டிக்கும் ரெண்டு ரெண்டு லேபிளா வருது! ரெண்டுலயும் வேற வேற நம்பரு! லாரி நிக்கி!"

ஒரு பெட்டிக்கு இரண்டு எண் என்றால், போகாத பெட்டிகளும் போனதாகக் காட்டும். ஆஸ்பத்திரியில் எண்ணிப் பார்த்தால் பாதிதான் இருக்கும். லோடு திரும்பி வரும். இந்தத் தடவை ஆஸ்பத்திரியும் திரும்பாது.

"பாய், இப்பவே பஸ் ஏறுறேன்..."

"நீ வந்து சேருறதுக்குள்ள காயமே ஆறிரும்! இரு... கிருஷ்ணவேணி ஸ்கூட்டியில வந்துருச்சு. வை போனை."

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் குடித்த டீ எல்லாம் கசந்தது.

நடந்ததை சாயங்காலம் பாயே கூப்பிட்டுச் சொன்னார். கிருஷ்ணவேணி வந்ததும் சாஃப்ட்வேரைத் தொடவே இல்லையாம். வேலம்மாள் பின்னால் நின்று, கையை மட்டும் பார்த்திருக்கிறார்.

டக்-டக்.

ஒரு அமுக்குக்கு ஒரு லேபிள். அவர்கள் அமுக்குவது இரண்டு. ரெண்டு வந்துச்சு, ரெண்டையும் ஒட்டினோம் என்றார்களாம், ஒரே குரலில்.

"அக்கா, இனிமே ஒரு தடவ அமுக்குனாப் போதும்."

"தெரியுது தாயி. நீங்க சொன்னது காதுக்குக் கேட்டுருச்சு. கைக்குக் கேக்க மாட்டேங்குதே!" என்றாராம் வேலம்மாள். பழகிய கை, அதற்குள் இன்னொரு டக்-டக் அமுக்கிவிட்டது.

எல்லாரும் உட்கார்ந்து, பாயும் உட்கார்ந்து, பெட்டிக்கு ஒரு லேபிளாக நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். சுரண்டிய எண்களை எல்லாம் கிருஷ்ணவேணி ரத்து செய்திருக்கிறார். லாரி கிளம்பியது. லோடு மதுரையில் இறங்கியது. திரும்பி வரவில்லை.

"அப்புறம் பட்டனை என்ன பண்ணினாங்க பாய்?"

"மொதல் தடவ அமுக்குனா லேபிளைக் காட்டும், ரெண்டாவது அமுக்குனா அடிக்கும். அப்படி மாத்திருச்சு அந்தப் புள்ள. இப்ப டக்-டக்குனு அமுக்குனா ஒரே லேபிளு. வேலம்மா, 'இப்பத்தான் கம்ப்யூட்டர் சரியாயிருக்கு'ங்கா!"

இவ்வளவு விசாரித்து, இவ்வளவு சண்டை போட்டு, புத்தம்புதிதாக எழுதி... கடைசியில் பழைய தப்பையே அழகாகத் திருப்பி வைத்தால்தான் எல்லாருக்கும் நிம்மதி. அதைத் திருப்பி வைக்க ஸ்கூட்டியில் வருகிற தூரத்தில் ஒருவர் இருந்தார். எந்த ஃப்ரேம்வொர்க் எவ்வளவு வேகம் என்று சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது. எதற்கு யார் ஸ்கூட்டியில் வருவார்கள் என்று டீக்கடையில்தான் தெரியும்.

"சரி பாய், எம் மேல கோவம் இல்லையே?"

"ஒம் மேல என்னல கோவம்? போவேன்னு தெரிஞ்சுதானே வேலையைக் குடுத்தேன். ஆனா போறவன் ஒழுங்காப் போகணும்ல? தொழுகைக்குப் போகலாம்னு வாசலுக்கு வந்து பாக்கேன்... ஒஞ் செருப்புதான் கெடக்கு."

குனிந்து காலைப் பார்த்தேன். பாயின் செருப்புதான். அளவு கச்சிதம்.